மேகமூட்டத்தில் அப்பா சொன்னது

வைப்பாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது வானம் முழுக்க மூடிக்கொண்டது. கரோலின் சைக்கிளை ஓரங்கட்டினாள். பின்பக்கப் பெட்டியின் மேல் விரித்துக் கட்டியிருந்த சூரியத் தகட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் திரை உண்டு. நல்ல வெயிலில் நாற்பது வாட் காட்டும் அது இப்போது மூன்றில் நின்றிருந்தது.

"நேத்துலருந்து இதே கததான்," என்றாள்.

"மழை வந்தா வரட்டும்மா. நாம என்ன உப்பா, கரைஞ்சு போக? நீ மெதுவா மிதி, நான் இருக்கேன்ல," என்றது பின் இருக்கையிலிருந்து அவள் அப்பாவின் குரல்.

குரல் அப்பாவுடையதுதான். வாய் மூடியே இருந்தது. லூர்துராஜுக்குப் பக்கவாதம் வந்து நான்கு வருடம் ஆகிறது. வலது கால் பாதி திரும்பி வந்தது, பேச்சு வரவில்லை. நினைப்பு தெளிவாக இருக்கும், சொல் மட்டும் நாக்குக்கு வந்து சேராது. அப்படிப்பட்டவர்களுக்கான கருவி ஒன்றை அவர் அணிந்திருந்தார். காதுக்குப் பின்னால் ஒரு பட்டை, சட்டைக் காலரில் பொத்தான் அளவு ஒலிபெருக்கி, இடுப்பில் பாட்டரி. மூளையில் சொல் எழும் இடத்தைப் பட்டை கவனிக்கும். பழைய போன் பதிவுகளிலிருந்து எடுத்த அவருடைய குரலிலேயே காலர் பேசும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் 'சொல்லி'.

தூத்துக்குடியிலிருந்து வாலிநோக்கம் வரை கடலோரமாக, இரட்டை இருக்கை சைக்கிளில், நாளுக்கு இருபது கிலோமீட்டர் என்பது திட்டம். முன்னால் கரோலின் மிதிப்பாள். பின்னால் அவர் வலது பாதத்தைப் பெடலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தன்னால் ஆனதை மிதிப்பார். மதியத்துக்கு மேல் எங்கே நல்ல இடம் கிடைக்கிறதோ அங்கே கூடாரம். மின்சாரம் முழுக்கச் சூரியனிடமிருந்து. அதில் கரோலினுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. உப்பளங்களுக்குச் சூரிய பம்பு மாட்டிக் கொடுப்பது அவள் தொழில். மூன்று மணி நேர வெயில் கிடைத்தால் அவள் போன், கூடார விளக்கு, சொல்லி மூன்றும் மறுநாள் வரை ஓடும். அதில் முக்கால்வாசியைத் தின்பது சொல்லிதான். ஜனவரி மாதத்தில் தூத்துக்குடியில் வெயிலுக்கா பஞ்சம் என்று நினைத்தாள். பருவம் தப்பி ஒரு புயல் சின்னம் மன்னார் வளைகுடாவில் வந்து உட்காரும் என்று நினைக்கவில்லை. காற்றில் மரங்கள் சாய்ந்து கடலோரம் முழுக்கக் கரண்டும் போயிருந்தது. டீக்கடையில் சார்ஜ் போடலாம் என்ற நம்பிக்கையும் அதோடு போயிற்று.

வாலிநோக்கத்தில் பிச்சையா இருந்தார். அவரைப் பார்க்கத்தான் இந்தப் பயணம்.

ஆறு வருடத்துக்கு முன் லூர்துராஜ் ஓர் ஐஸ் ஆலையில் ஷிப்ட் பொறுப்பாளராக இருந்தார். கரோலின் அதே ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்தாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அப்பாதான். ஒருநாள் காலை அமோனியாக் குழாயில் ஒரு வால்வு பிய்த்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற பிச்சையாவின் முகத்தில் வாயு அடித்தது. ஒரு கண் போயிற்று, மற்றது மங்கிவிட்டது. அன்று காலை வால்வைச் சோதித்ததாகப் பதிவேட்டில் லூர்துராஜின் கையெழுத்து இருந்தது. விசாரணைக்கு வந்தவர்கள் கரோலினிடமும் கேட்டார்கள். அப்பா அன்று தாமதமாக வந்ததையும், வந்த கையோடு தன் மேசையில் உட்கார்ந்து பதிவேட்டை நிரப்பியதையும் அவள் பார்த்திருந்தாள். பார்த்ததைச் சொன்னாள். லூர்துராஜுக்கு வேலை போயிற்று. இரண்டு வருடம் அவர் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பேசாமைக்கு நடுவில்தான் பக்கவாதம் வந்தது.

சொல்லியை மாட்டிய முதல் வாரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி அவர் சொன்னார்: "நீ செஞ்சது சரிதான்மா. தப்பு என் மேலதான்."

கரோலின் வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல், அப்பா தங்கியிருந்த அத்தை வீட்டுக்குப் போய் நாள் முழுக்க அவரோடு இருந்துவிட்டு வருவாள். பக்கவாதம் மனுஷனைப் பூவாக்கிவிட்டது என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். போன மாதம் அவர் பிச்சையாவுக்கே ஒரு குரல் செய்தி அனுப்பினார். மனம் உருகும்படியான மன்னிப்பு அது. "பரவாயில்லை அண்ணாச்சி, எல்லாம் மறந்தாச்சு. ஒருநாள் வீட்டுக்கு வாங்க" என்று பதிலும் வந்தது. "சைக்கிள்லயே போயிட்டு வருவோம்மா" என்றார் அப்பா.

வேம்பாருக்கு முன்னால் ஒரு பனங்காட்டில் கூடாரம் போட்டார்கள். மணி மூன்று இருக்கும். கரோலின் சின்ன அடுப்பில் ரவை கிண்டிக்கொண்டிருந்தாள். காலரிலிருந்து மணிச் சத்தம் கேட்டது. 'மின்சாரம் குறைவு. சிக்கன நிலை' என்று ஒரு பெண்குரல் சொல்லி ஓய்ந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏட்டி."

கரோலினின் கை நின்றது. அப்படி அவர் கூப்பிட்டு ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் அவளைக் கூப்பிட்டதெல்லாம் அப்படித்தான். சொல்லி வந்த பிறகு அவள் எப்போதும் 'அம்மா', 'மா'.

"என்னப்பா?"

"உப்பு."

"போட்டாச்சே."

"ரெண்டு... தடவ."

கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தாள். கடல் தண்ணி மாதிரி இருந்தது. சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. இடது கையைத் தூக்கி, பனையில் சாத்தியிருந்த சைக்கிளைக் காட்டினார்.

"குடு."

"யாருக்குப்பா?"

"யாருக்காச்சும். குடுக்க... சொன்னேன்."

"எப்ப சொன்னீங்க? சைக்கிள்லயே போவோம்னு நீங்கதான சொன்னீங்க?"

"நான் இல்ல."

அத்தை வீட்டுக் கொட்டகையில் தூசி படிந்து கிடந்த இரட்டைச் சைக்கிளை அவர் பார்த்துக்கொண்டு நின்ற நாள் கரோலினுக்கு ஞாபகம் வந்தது. அன்றுதான் அவர் பயணத்தைப் பற்றிப் பேசினார். அவள் சந்தோஷப்பட்டு அன்று மாலையே டயர் வாங்கி வந்தாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாருக்காவது கொடுத்துவிடு என்று சொன்ன மனிதரை மூன்று நாளாக அதிலேயே உட்காரவைத்து மிதிக்க விட்டிருக்கிறாளே. பிறகு சிரிப்பு போய்விட்டது.

போனில் இரண்டு சதவீதம் மிச்சம் இருந்தது. அப்பாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுத்த பர்வீனைக் கூப்பிட்டாள்.

"பர்வீன், அப்பாவோட சொல்லி சிக்கன நிலைக்குப் போயிருச்சு. ஒண்ணு ரெண்டு வார்த்தைதான் வருது. ஆனா வேற ஆள் மாதிரி பேசுதாரு."

"வேற ஆள் இல்லக்கா. சிக்கன நிலையில அது கோக்காது. நிச்சயமாப் பிடிச்ச சொல்லை மட்டும் அப்படியே சொல்லும்."

"அப்ப மத்த நேரம்?"

"பிடிச்சதை வெச்சு மிச்சத்தை அதுவே கோத்துக்கும். இந்த இடத்துல ஒரு மனுஷன் என்ன பேசுவான்னு பாத்து."

"எந்த மனுஷன்?"

"பொதுவா... ஒரு நல்ல மனுஷன்."

"எவ்வளவு கோக்கும்?"

"நூறு சொல்லுல எழுபது, எண்பது இருக்கும். நீங்க கையெழுத்துப் போட்ட தாள்ல ஏழாவது பக்கத்துல இருக்குக்கா. வீட்ல எல்லாரும் எப்பவும் சார்ஜ்லயே வெச்சிருக்காங்க, அதனால சிக்கன நிலையை யாரும் பாக்கிறதில்ல. பாத்தா ரிப்பேர்னு எடுத்துட்டு வர்றாங்க."

"அது கோக்கிறது பிடிக்கலன்னா அவரு 'இல்ல'ன்னு சொல்லலாம்லா?"

"சொல்வாங்க. ஆனா அதையும் அது 'இல்ல, பரவால்லம்மா'ன்னு ஆக்கிடும்."

போன் அணைந்துவிட்டது.

கரோலின் அப்பாவுக்கு எதிரே மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கேட்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டாள்.

"ஆஸ்பத்திரியில, நான் செஞ்சது சரின்னு சொன்னீங்கள்லா. அது?"

அவர் அவள் முகத்தையே பார்த்தார். ஒலிபெருக்கி இரண்டு தடவை வெறுமனே கரகரத்தது.

"இல்ல."

"நீங்க சொல்லலயா?"

"சொல்லல."

அவள் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தாள். நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். மீன் குழம்பு வைத்துக்கொண்டு போனது, பேச்சுக்குப் பேச்சு சிரித்தது, வேலையில் நடந்ததையெல்லாம் கொட்டியது. இதையெல்லாம் யாரிடம் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தாள். அவள் திரும்பி வந்தபோது அப்பா உப்புக் கரித்த அந்த ரவையை இடது கையால் சாப்பிட்டு முடித்திருந்தார். அவளுக்குப் பாதி மிச்சம் வைத்திருந்தார்.

மறுநாள் காலை மழை பிடித்துக்கொண்டது. வேம்பாரில் ஆளில்லாமல் கிடந்த மீன் ஏலக் கொட்டகையில் ஒதுங்கினார்கள். படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை.

"மழை விட்டதும் ஒரு வேன் பிடிச்சுத் திரும்பிருவோம்," என்றாள் கரோலின், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"வேண்டாம்."

"பிச்சையா அண்ணன்கிட்ட மன்னிப்புக் கேட்டதும் நீங்க இல்லதான? பொறவு எதுக்கு அங்க போகணும்?"

அவர் பதில் சொல்ல முயன்றார். அது அன்று பகல் முழுவதும் நடந்தது. ஒரு சொல் வரும், அடுத்த சொல்லுக்கு ஐந்து நிமிடம் ஆகும், சில நேரம் அரை மணி. நெற்றியில் வேர்வை துளிர்க்கும். முதலில் கரோலின் பாதியில் இடைமறித்து வாக்கியத்தை முடித்துக் கொடுத்தாள். "இதுவா? அதுவா?" என்று கேட்டாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார். சிக்கன நிலையின் இரண்டாவது நாளில் தானும் ஒரு 'சொல்லி' ஆகிவிட்டது அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

"மொத நாள்... கோவம்," என்றார். "என் குரல். பேசுது. நீ... அழுத."

பிறகு, "கழத்துனேன்."

அவளுக்கு ஞாபகம் இருந்தது. முதல் மாதத்தில் மூன்று தடவை அவர் பட்டையைப் பிய்த்து எறிந்தார். உடம்பு முடியாத எரிச்சல் என்று டாக்டர் சொன்னார். ஒவ்வொரு தடவையும் கரோலின் 'அப்பா, அப்பா' என்று கெஞ்சிக்கொண்டே திரும்ப மாட்டிவிட்டாள். மூன்றாவது தடவை மேலே பிளாஸ்திரியும் போட்டாள்.

"நான்தான் மாட்டினேன்," என்றாள்.

"ஆமா."

அதில் குற்றச்சாட்டு இருந்ததா என்று தெரியவில்லை. அந்த ஒற்றைச் சொல்லுக்கு மேல் எதுவும் அதில் இல்லை.

மழை தகரத்தில் விழுந்துகொண்டே இருந்தது. தகட்டைக் கொட்டகையின் வாசலில், சாரல் படாத இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்திருந்தாள். இரண்டு வாட். மூன்று வாட். போனுக்கும் வேண்டாம், விளக்குக்கும் வேண்டாம் என்று அந்தச் சொட்டு மின்சாரத்தையெல்லாம் சொல்லிக்கே விட்டாள். சிக்கன நிலைக்கு அது போதுமாக இருந்தது. அப்பாவின் சொந்தச் சொற்களுக்கு இத்தனை குறைவான வெளிச்சம் போதும் என்று தெரியாமல் நாற்பது வாட்டுக்குத் தகடு வாங்கியிருந்தாள்.

மத்தியானம் அவர் மறுபடி பேசினார்.

"நீ வந்த. ஞாயிறு. ஞாயிறு."

"ம்."

"அது பேசிச்சு. நான்... கேட்டுக்கிட்டு... இருந்தேன்."

வெகுநேரம் கழித்து, "நல்லா... இருந்திச்சு," என்றார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கரோலின் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அப்ப இப்ப சொல்லுங்க. நான் விசாரணையில சொன்னதப் பத்தி, இப்ப என்ன நெனக்கீங்க?"

ஒலிபெருக்கி கரகரத்தது. நின்றது. மறுபடி கரகரத்தது.

"பிச்சையா."

"நான் என்னப் பத்தில்லா கேக்கேன்."

"அங்க," என்றார். "அங்க போய்."

அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. மறுநாள் காலை சைக்கிள் கிழக்கே திரும்பியது.

மூக்கையூர் தாண்டியதும் மேகம் கிழிந்தது. சாலையில் தேங்கிய தண்ணீரெல்லாம் பளபளத்தது. திரையில் வாட் ஏறிக்கொண்டே போய் முப்பத்தெட்டில் நின்றது. அடுத்த நாள் முற்பகலில் அவர்கள் வாலிநோக்கத்துக்குள் நுழைந்தபோது பாட்டரி நிரம்பியிருந்தது. காலரில் மணி அடித்தது. 'மின்சாரம் போதுமானது. முழு நிலைக்கு மாறலாமா?'

கரோலின் திரும்பிப் பார்த்தாள். 'வேண்டாம் என்று சொல்லுங்கள்' என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். அது அவர் சொல்ல வேண்டியது. பிச்சையாவின் முன்னால் திக்கித் திணறி நிற்பதா, நல்லபடியாகப் பேசுவதா என்பதும் அவர் பாடுதான்.

அவர் இடுப்பில் இருந்த பெட்டியின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். "இரு," என்றார்.

பிச்சையா தன் வீட்டு வாசலில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து மீன் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழுத்தில் ஒரு போன் தொங்கியது. சைக்கிள் நின்றதும் அந்தப் போன் பேசியது: 'வாசலில் இருவர். ஒரு பெண். ஓர் ஆண், வயது அறுபதுக்கு மேல்.'

"யாரு?"

"நான் கரோலின் அண்ணே. லூர்துராஜ் மக. அப்பாவும் வந்திருக்காங்க."

கயிற்றில் இருந்த கைகள் நின்றன. "எதுக்கு?"

கரோலின் தடுமாறினாள். "நீங்கதான் வரச் சொல்லியிருந்தீங்க. மெசேஜ் போட்டீங்களே, எல்லாம் மறந்தாச்சுன்னு."

"நானா?" பிச்சையா கழுத்துப் போனைத் தூக்கிக் காட்டினார். "இதுல்லா போட்டிருக்கு. எனக்கு வருத செய்தியெல்லாம் இதுவே வாசிச்சி, இதுவே பதிலும் போட்டுரும். ரெண்டு நாள் கழிச்சுத்தான் எங்கிட்டச் சொல்லிச்சி. என்னத்தப் போட்டேன்னு கேட்டேன். வாசிச்சுக் காட்டிச்சி. போட்டது போட்டாச்சி, போன்னு விட்டுட்டேன்."

கரோலின் அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "எங்கப்பா அனுப்பினதும் அவரு அனுப்பினது இல்லண்ணே," என்றாள். காலர் ஒலிபெருக்கியைப் பற்றியும், வெயிலைப் பற்றியும், கோப்பதைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னாள்.

பிச்சையா தலையைச் சாய்த்துக் கேட்டார். முடிந்ததும் அவர் உதட்டோரம் கோணியது.

"அப்ப ரெண்டு மிஷினும் பேசிச் சமாதானம் ஆயிருக்கு. நாமதான் இன்னும் ஒண்ணும் பேசல."

காலரில் மறுபடி மணி. 'முழு நிலைக்கு மாறலாமா?'

"வேண்டாம்," என்றார் லூர்துராஜ்.

பாதத்தின் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கையால் காட்டினார். இறங்கி, சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெயில் நேரே முகத்தில் அடித்தது.

"வால்வு," என்றார்.

பிச்சையா காத்திருந்தார். கரோலின் கீழே கிடந்த ஒரு கயிற்றுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது.

"பாக்கல."

சீட்டை விடாமல் பிச்சையாவின் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"எழுதினேன். பாத்தேன்னு... எழுதினேன்."

விசாரணை அறையில், முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால், கரோலின் சொன்னது இதைத்தான். அன்று அவள் சொன்னபோது அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பொய் என்று கத்தினார். அவள் கயிற்றுத் துண்டைக் குனிந்து எடுத்தாள். விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

"நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு எதிர்பாக்கீங்களா அண்ணாச்சி?" என்றார் பிச்சையா.

"இல்ல."

அந்த 'இல்ல'வோடு எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

பிச்சையா கழுத்திலிருந்து போனைக் கழற்றி, தடவிப் பார்த்து அணைத்து, மடியில் வைத்தார். ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்து முன்னால் தள்ளினார். கரோலின் கை கொடுக்க, லூர்துராஜ் மெதுவாக அதில் உட்கார்ந்தார்.

"ஆறு வருஷமாச்சி. கம்பெனிக்காரன் வந்தான், வக்கீல் வந்தான். ஆளுக்கு அஞ்சு நிமிஷம் கேட்டான். எனக்குச் சொல்ல ரொம்ப இருக்கு. நேரம் ஆகும், பரவாயில்லயா?"

"சொல்லு," என்றார் லூர்துராஜ்.

பிச்சையா கண்ணாடியைக் கழற்றினார். கரோலின் பார்வையை விலக்கவில்லை. அப்பாவும் விலக்கவில்லை.

"அன்னைக்கு எனக்கு ஷிப்டே கெடையாது அண்ணாச்சி," என்று பிச்சையா தொடங்கினார். "இன்னொருத்தன் தங்கச்சி கல்யாணம்னு கேட்டான். சரின்னு மாத்திக்கிட்டு வந்தேன்."